உச்சி வெயிலில் வீடியோ: வேரியபிள் என்டியா, ஃபிக்ஸட் என்டியா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் ப்ரீ வெட்டிங் எடுக்கும் தம்பிகள் கேமரா, லென்ஸ், கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கைப்பிடி) எல்லாம் வாங்கி முடித்த பிறகு, கையில் மிச்சம் இருக்கும் பணத்தில்தான் என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் இருண்ட கண்ணாடி, வாங்குகிறார்கள். "அண்ணே, வேரியபிள் வாங்கலாமா, ஃபிக்ஸட் வாங்கலாமா?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. வேரியபிளில் வளையத்தைத் திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கலாம்; ஃபிக்ஸடில் அடர்த்தி ஒன்றேதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நம் கடற்கரை வெயிலில், உங்கள் கேமராவில், நீங்கள் வைக்கப்போகும் அப்பர்ச்சரில் (லென்ஸின் திறப்பில்) எத்தனை ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்? ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். போடாமல் வாங்கினால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த ஃபில்டர் பகல் பதினோரு மணிக்குக் கைவிட்டுவிடும்.

என்டி எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டரை 1/50 வைப்பது வழக்கம். அப்போதுதான் நடக்கும் கால், காற்றில் ஆடும் முந்தானை, உடையும் அலை எல்லாம் ஒவ்வொரு ஃபிரேமிலும் லேசாக மங்கி, ஓட்டிப் பார்க்கும்போது அசைவு இயல்பாக இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 வைத்தால் விளக்கு வெளிச்சத்தில் சிமிட்டலும் வராது. வெயிலில் என்டி இல்லாமல் ஷட்டரை 1/2000, 1/4000 என்று ஏற்றினால், புதுச்சேரி ராக் பீச்சின் கருங்கற்களில் மோதித் தெறிக்கும் தண்ணீர் துளித்துளியாக வெட்டுப்பட்டுத் தெரியும். படமே துடிக்கிற மாதிரி இருக்கும். ஷட்டரைத் தொடாமல் அப்பர்ச்சரை எஃப் 22 வரை மூடினால் கூர்மை போய்விடும். பின்னால் நிற்கும் சுண்டல் வண்டியும் மணப்பெண் முகமும் ஒரே தெளிவில் நிற்கும். சென்சாரில் ஒட்டிய தூசி கூட வானத்தில் புள்ளியாகத் தெரியும். கடற்கரையில் லென்ஸ் மாற்றுகிறவர்களுக்கு அந்தத் தூசிக்குப் பஞ்சமே இல்லை. ட்ரைபாடில் வைத்து எடுக்கும் கட்டடம், கடற்கரைச் சாலைப் பழைய கலங்கரை விளக்கம் போன்ற அசையாத ஷாட்டுகளுக்கு ஷட்டர் எவ்வளவு இருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆள் அசையும் ஷாட்டுக்குத்தான் என்டி வேண்டும்.

இனி கணக்கு. ஃபிலிம் காலத்திலிருந்து வரும் ஒரு விதி உண்டு: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) எவ்வளவோ அதுவே ஷட்டர். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. நமக்கு வேண்டியது 1/50, அதனால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுகிறது. எஃப் 16-இலிருந்து எஃப் 2.8-க்குத் திறந்தால் இன்னும் ஐந்து. ஆக, சாதாரண கலர் புரொஃபைலில் ஐஎஸ்ஓ 100-இல் எடுப்பவர்களுக்கு 6 ஸ்டாப் வேண்டும். ஆனால் இன்று கல்யாண வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் லாகில்தான் (பிறகு எடிட்டில் நிறம் சேர்ப்பதற்காகத் தட்டையாகப் பதியும் முறையில்) எடுக்கிறார்கள். சோனி எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்30 இரண்டிலும் எஸ்-லாக்3-இன் கீழ் அடிப்படை ஐஎஸ்ஓ 800. பானசோனிக் எஸ்5-இல் வி-லாக் என்றால் 640. ஐஎஸ்ஓ 100-இலிருந்து 800 என்பது மூன்று ஸ்டாப் கூடுதல். ஆக, அதே வெயிலில் அதே எஃப் 2.8-க்கு 9 ஸ்டாப் வேண்டும். லாகில் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு 8 போதும்.

சரி, கடையில் அதிகம் விற்பது எது? 2–5 ஸ்டாப் வேரியபிள். 5 ஸ்டாப்பில் ஐஎஸ்ஓ 800-இல் 1/50 வைத்தால் அப்பர்ச்சர் எஃப் 11-இல் போய் நிற்கும். எஃப் 1.8 லென்ஸை அவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டு, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் எஃப் 11-இல் எடுக்கிற நிலைமை இதனால்தான் வருகிறது. ஃபில்டர் மோசம் என்று அதைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அது ஐஎஸ்ஓ 100-க்கும் மாலை வெளிச்சத்துக்கும் பொருந்தும் பொருள்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். ஒரே கண்ணாடியை ஒரு கம்பெனி என்டி8 என்றும், இன்னொன்று 0.9 என்றும், மற்றொன்று 3 ஸ்டாப் என்றும் எழுதும். ஒவ்வொரு 0.3-உம் ஒரு ஸ்டாப். என்டி64, அதாவது 1.8, 6 ஸ்டாப். என்டி500 அல்லது 512, அதாவது 2.7, 9 ஸ்டாப். என்டி1000, அதாவது 3.0, 10 ஸ்டாப். "என்டி2 முதல் என்டி400 வரை" என்று எழுதியிருக்கும் மலிவு வேரியபிளைப் பார்த்ததும், 8 ஸ்டாப்புக்கு மேல் ஒரே கண்ணாடியில் கிடைக்கிறதே என்று ஆசை வரும். கடைசி இரண்டு மூன்று ஸ்டாப்பில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்தால் அந்த ஆசை அடங்கிவிடும். அதற்கு வேரியபிள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

வேரியபிள் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி. ஒன்று நிலையாக நிற்கும், முன்னால் இருப்பது சுழலும். இரண்டின் திசையும் ஒன்றாக இருந்தால் வெளிச்சம் வரும். குறுக்காகப் போகப் போக இருட்டும். வளையத்தைத் திருப்பினால் போதும், லென்ஸைத் தொட வேண்டாம், அப்பர்ச்சரை மாற்ற வேண்டாம். புதுச்சேரி வெள்ளை நகரத் (பழைய பிரெஞ்சுப் பகுதி) தெருக்களில் இதன் அருமை புரியும். மஞ்சள் சுவர் ஒருபக்கம் வெயிலில் கொதிக்கும், எதிர்ப்பக்கம் மர நிழல். ஜோடி வெயிலிலிருந்து நிழலுக்கு நடந்து வரும்போது மூன்று ஸ்டாப்புக்குக் குறையாமல் வெளிச்சம் மாறும். 25 ஃபிரேமிலிருந்து 100 ஃபிரேம் ஸ்லோமோஷனுக்குப் போனால் ஷட்டர் 1/200 ஆகி இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும்; அதையும் விரல் நுனியில் ஈடுகட்டிவிடலாம். இந்த வேகத்தை வேறு எந்தத் தனி ஃபில்டரும் தராது.

குறை எங்கே வருகிறது என்றால், இரண்டு போலரைசரும் கிட்டத்தட்ட முழுக் குறுக்காகும்போது, லென்ஸுக்குள் சாய்வாக வரும் கதிர்களும் நேராக வரும் கதிர்களும் ஒரே அளவில் தடுபடுவதில்லை. படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல இருண்ட பட்டை விழும். 16 மிமீ, 20 மிமீ போன்ற அகல லென்ஸில் இது சீக்கிரம் தெரியும். 85 மிமீ லென்ஸில் கடைசி வரைக்கும் தெரியாமலே போகலாம். என்டி400 வரை என்று எழுதிய மலிவு ஃபில்டரின் கடைசி ஸ்டாப்புகள் இந்தப் பட்டைக்குள்தான் இருக்கின்றன. நல்ல கம்பெனிகள் 2–5, 6–9 என்று வரம்பைச் சுருக்கி, இரண்டு முனையிலும் வளையத்தை நிறுத்திவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அதைவிட நம் கடற்கரைக்கே உரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. வானத்து வெளிச்சமே ஓரளவு போலரைஸ் ஆகித்தான் வருகிறது. சூரியனுக்கு நேர் 90 டிகிரியில் இருக்கும் வானத்தில் அது உச்சம். நம் கடற்கரை வடக்கு தெற்காக ஓடுகிறது, சூரியன் கிழக்கே கடலிலிருந்து எழுகிறது. காலையில் ராக் பீச்சில் நின்று, சாலையும் கடலும் ஒன்றாக வர வேண்டும் என்று கேமராவை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? வடக்கே அல்லது தெற்கே. இரண்டுமே சூரியனுக்குச் செங்குத்து. ஏழரை மணிக்கு 16 மிமீ லென்ஸில் வேரியபிளை மாட்டி, வடக்கே பார்த்து வளையத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வானத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கரும்நீலப் பட்டை மெல்ல இறங்கும்; இடது வலது ஓரங்கள் வெளுத்தே இருக்கும். இன்னும் திருப்பினால் பட்டை மங்கும், ஆனால் அதற்குள் எக்ஸ்போஷர் மாறியிருக்கும். நீங்கள் திருப்பியது வெளிச்சத்துக்காக. வானம் தன் போக்கில் நிறம் மாறிக்கொண்டது. கிம்பலில் கிழக்கிலிருந்து வடக்கே திரும்பும் ஷாட் என்றால், வளையத்தைத் தொடாமலே ஷாட்டின் நடுவில் வானம் கறுக்கும். எடிட்டில் இதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் ராத்திரி போய்விடும்.

கேமராவை மேற்கே திருப்பி, ஜோடியின் முகத்தில் காலை வெயில் விழ ஊரைப் பின்னால் வைத்து எடுத்தால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. 50 மிமீக்கு மேற்பட்ட லென்ஸிலும் வானத்தின் சிறு துண்டுதான் வரும் என்பதால் பட்டை தெரியாது. வேரியபிள் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. எந்தத் திசையில், எந்த லென்ஸில் என்று பார்த்து வைத்தால் போதும்.

போலரைசர் முகத்தையும் தொடும். தோலின் மேல் இருக்கும் மினுமினுப்பில் ஒரு பகுதியை அது எடுத்துவிடும். வியர்த்துக் கொட்டும் மாப்பிள்ளைக்கு அது நல்லது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் கன்னத்து எலும்பு, மூக்குத் தண்டு, நெற்றி ஆகியவற்றின் வடிவத்தைக் காட்டுவதே அந்த மினுமினுப்புதான். அது போனால் முகம் தட்டையாகி, மாவு பூசியது போல ஆகிவிடுகிறது. நம் ஆட்களின் முகத்தை நம் வெயிலில் எடுக்கும்போது இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நகையின் ஜொலிப்பு போகாது. உலோகத்தில் பட்டு வரும் ஒளி பெரும்பாலும் போலரைஸ் ஆவதில்லை. ஈரப் பாறை, இலை, கார் கண்ணாடி, தண்ணீர் எல்லாவற்றிலும் மாற்றம் தெரியும்.

ஃபிக்ஸட் ஃபில்டரில் இந்த விளையாட்டு எதுவும் இல்லை. ஒரே கண்ணாடி, ஒரே அடர்த்தி. எந்தத் திசையில் திரும்பினாலும் வானம் வானமாகவே இருக்கும், 14 மிமீ லென்ஸிலும் பட்டை விழாது. வெளிச்சம் மாறினால் கழற்றி மாட்ட வேண்டும் என்பதுதான் அதன் சுமை. முன்பெல்லாம் திருகிக் கழற்றி, திருகி மாட்டி, மணலில் ஒன்றைத் தவறவிட்டு என்று பாடாக இருந்தது. இப்போது காந்த வளையத்தோடு வருகிற செட்டுகள் அந்தச் சுமையைப் பெரிதும் குறைத்துவிட்டன. லென்ஸில் அடி வளையம் நிரந்தரமாக இருக்கும். கண்ணாடியை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். 3, 6, 9 என்று மூன்று கண்ணாடி இருந்தால் இடைப்பட்ட ஒன்றிரண்டு ஸ்டாப்பை அப்பர்ச்சரில் சரிக்கட்டலாம். எஃப் 2.8-க்கும் எஃப் 4-க்கும் உள்ள வேறுபாட்டைக் கல்யாண ஆல்பம் பார்க்கும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அடர்த்தி கூடிய ஃபில்டரில் பார்க்க வேண்டியது அகச்சிவப்புக் கதிர். சாதாரண என்டி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும். அகச்சிவப்பை அதே அளவுக்குத் தடுக்காது. 2, 3 ஸ்டாப்பில் இது தெரியாது. 6 ஸ்டாப்பைத் தாண்டும்போது, தெரியும் ஒளி மிகவும் குறைந்துபோய், சென்சாரை எட்டும் அகச்சிவப்பின் பங்கு கூடிவிடும். விளைவு எங்கே தெரியும் என்றால் மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டில். செயற்கை நூல் கலந்த கறுப்புத் துணி பழுப்பாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ மாறி நிற்கும். பக்கத்தில் நிற்கும் நண்பனின் கறுப்புச் சட்டை வேறு துணி என்பதால் கறுப்பாகவே இருக்கும். ஒயிட் பேலன்ஸை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கோட்டை மட்டும் தனியாக மாஸ்க் போட்டு ஒவ்வொரு ஷாட்டாகத் திருத்த வேண்டும். ஆகவே 6 ஸ்டாப்புக்கு மேல் வாங்கினால் அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐஆர்என்டி என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வேரியபிளுக்கும் இது பொருந்தும். குறுக்காக நிற்கும் போலரைசர்கள் அகச்சிவப்பை நன்றாகத் தடுப்பதில்லை.

மூன்றாவது வழி, என்டி உள்ளேயே இருக்கும் கேமரா. சோனி எஃப்எக்ஸ்6-இல் 1/4 முதல் 1/128 வரை, அதாவது 2 முதல் 7 ஸ்டாப் வரை, எலக்ட்ரானிக் முறையில் சீராக மாறும். ஆட்டோ முறையில் விட்டால் வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும் ஷாட்டில் கேமராவே பார்த்துக்கொள்ளும். வேரியபிள் போல வானத்தில் பட்டையும் விழாது. ஆனாலும் மேலே போட்ட கணக்கை இதற்கும் போடுங்கள்: 7 ஸ்டாப் என்றால் ஐஎஸ்ஓ 800-இல் உச்சி வெயிலில் எஃப் 5.6. கேனான் சி70-இல் 2, 4, 6 ஸ்டாப்பும், விரிவாக்கத்தைப் போட்டால் 8, 10 ஸ்டாப்பும் உண்டு. பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே ப்ரோவில் 2, 4, 6. கேனானின் ஆர் வரிசை வைத்துக்கொண்டு பழைய ஈஎஃப் லென்ஸ்களை மாட்டுகிறவர்களுக்கு, அடாப்டருக்குள்ளேயே செருகும் வேரியபிள் இருக்கிறது. எல்லா லென்ஸுக்கும் ஒரே ஃபில்டர் போதும். ஃபில்டருக்காக மட்டும் கேமராவை மாற்றச் சொல்ல மாட்டேன். பெரிய வேலை வந்தால் அந்த இரண்டு நாளுக்கு இப்படி ஒரு பாடியைச் சென்னையிலிருந்து வாடகைக்கு எடுப்பது நியாயமான கணக்கு.

இனி எந்த வேலைக்கு எது என்று பார்ப்போம்.

மாசி மகத் தீர்த்தவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வைத்திக்குப்பம் கடற்கரையிலோ தேவனாம்பட்டினத்திலோ சாமிகள் வரிசையாக வந்து நிற்கும். கூட்டம் நெருக்கித் தள்ளும். பந்தலுக்குள் இருட்டு, வெளியே வந்தால் வெயில். அங்கே நின்று கண்ணாடியைக் கழற்றி மாட்ட இடமும் இல்லை, நேரமும் இல்லை. வேரியபிள்தான். லென்ஸும் பெரும்பாலும் 24–70, 70–200 என்பதால் பட்டைப் பிரச்சினை அதிகம் வராது. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கும் இதே பதில்.

பிச்சாவரம் இரண்டுங்கெட்டான். படகு அகலமான நீர்ப்பரப்பில் போகும்போது வெயில் கண்ணைக் குத்தும். சுரபுன்னைக் கிளைகள் கவிந்த கால்வாய்க்குள் நுழைந்ததும் திடீரென இருட்டும். வேரியபிள் இருந்தால் வசதி. ஆனால் அங்கே அழகே தண்ணீரில் விழும் மரங்களின் பிம்பம். போலரைசர் அதை ஒரு திசையில் அழித்துவிடும், இன்னொரு திசையில் விட்டுவைக்கும். ஃபிக்ஸட் 3 ஸ்டாப்பும் 6 ஸ்டாப்பும் கொண்டுபோய், கால்வாய்க்குள் நுழையும் முன் ஒரு முறை மாற்றிக்கொள்வதையே நான் விரும்புவேன். படகு மெதுவாகத்தான் போகும், அதற்கு நேரம் கிடைக்கும்.

ப்ரீ வெட்டிங்கில் நேரம் நம் கையில். ஜோடியை நிறுத்தி, நடக்க வைத்து, மறுபடி நடக்க வைத்து எடுக்கிறோம். அகல லென்ஸ், கிம்பல், கடல், வானம் எல்லாம் அதில்தான் வருகின்றன. இதற்கு ஃபிக்ஸட் காந்த செட். கிம்பலில் வளையத்தைத் திருப்பக் கை நீட்டினாலே மோட்டார் முறுக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் வேரியபிளின் வசதி எப்படியும் பயன்படாது. கண்ணாடியை மாட்டிய பிறகு பேலன்ஸ் செய்தால், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எடை என்பதால் மறுபடி செய்யும் வேலையும் குறைவு. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் இங்கே நண்பகலில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். அப்போது கண்ணுக்குழியில் விழும் நிழலை எந்த என்டியும் போக்காது. வெள்ளைத் துணியோ ரிஃப்ளெக்டரோ பிடிக்க ஆள் வேண்டும், இல்லையென்றால் ஷூட்டை நான்கு மணிக்குத் தள்ள வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், எல்லா வேலையும் அதில்தான் என்றால்? லாகில் ஐஎஸ்ஓ 800-இல் எடுக்கிறவர் 6–9 வேரியபிளை வாங்கட்டும். எஃப் 2.8-இல் வெயிலுக்கு 9, திறந்த நிழலுக்கு 6. வரம்பு அப்படியே பொருந்துகிறது. பொழுது சாய்ந்ததும் கழற்றிவிட வேண்டியதுதான். சாதாரண புரொஃபைலில் ஐஎஸ்ஓ 100-இல் எடுக்கிறவருக்கு 2–5 போதும். உச்சி வெயிலில் எஃப் 4-இல் எடுக்கலாம். இரண்டாவது வாங்கப் பணம் சேரும்போது, இன்னொரு வேரியபிளுக்குப் போகாமல் அகல லென்ஸுக்காக ஃபிக்ஸட் என்டி ஒன்று வாங்குங்கள்: லாக் என்றால் 9 ஸ்டாப், இல்லையென்றால் 6.

அளவு விஷயத்தில் தயக்கமே வேண்டாம். உங்களிடம் உள்ள லென்ஸ்களில் மிகப் பெரிய முன்வாய் விட்டத்துக்கு (ஃபில்டர் திருகும் அளவுக்கு) வாங்குங்கள். 77 மிமீ இருந்தால் கூட 82 மிமீ வாங்கிவிடுவது நல்லது. சின்ன லென்ஸுகளில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப் அப் வளையம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பித்தளை வளையம் கிடைத்தால் அதையே எடுங்கள். உப்புக் காற்றில் அலுமினியம் கடித்துக்கொண்டு கழற்ற வராமல் நிற்கும். ஸ்டெப் அப் போட்டால் லென்ஸ் ஹூட் பெரும்பாலும் மாட்ட முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் ஃபில்டர் மேல் படும் சாரல் காய்ந்தால் உப்புப் படிவாகும். கூடவே நுண்மணலும் ஒட்டியிருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் ஊதி மணலைப் போக்கி, பிறகு நல்ல தண்ணீர் தொட்ட லென்ஸ் துணியால் உப்பைக் கரைத்து எடுத்து, அப்புறம்தான் காய்ந்த துணி. வேரியபிளின் சுழலும் வளையத்துக்குள் மணல் போனால் கரகரவென்று சத்தம் வரும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் உடனே ஊதி எடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும், இருப்பதிலேயே அகலமான லென்ஸையும், இருப்பதிலேயே நீளமான லென்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள். அகல லென்ஸில் வெள்ளைச் சுவரைப் பார்த்து, வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பி வீடியோ எடுங்கள்; பட்டை விழுகிறதா, சுவர் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுகிறதா என்று தெரிந்துவிடும். நீள லென்ஸில், தெருவுக்கு எதிரே உள்ள பெயர்ப் பலகையை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து, எழுத்தின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலிவுக் கண்ணாடி 200 மிமீயில்தான் மாட்டிக்கொள்ளும். ஒரு கறுப்பு பாலியெஸ்டர் துணியையும் பையில் வைத்திருங்கள். கடை வாசலில் வெயிலில் அதை விரித்து எடுத்தால், அகச்சிவப்பு எவ்வளவு தடுபடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.